ஐவி: ஒரே கொடியில் இரண்டு செடிகள்

பிரிட்டனில் பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்குப் பின்பக்க வேலியில் ஐவி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘சுவரைத் தின்றுவிடும், உடனே பிடுங்கி எறி’ என்பார் ஒருவர். ‘தேனீக்கு அதுதான் சோறு, கை வைக்காதே’ என்பார் இன்னொருவர். இருவரும் பேசுவது ஒரே கொடியைப் பற்றித்தான். ஆனால் ஒருவர் கண்ணில் பட்டது ஏறுகிற கிளை, மற்றவர் கண்ணில் பட்டது பூக்கிற கிளை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எங்கே வெட்டுவது, எப்போது வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

இதுதானா ஐவி?

ஐவி என்ற பெயரில் ஏகப்பட்ட செடிகள் உலவுகின்றன. இங்கே பேசப்போவது ஹெடெரா ஹீலிக்ஸ். ஐரோப்பாவின் சொந்தக் கொடி. ஆண்டு முழுக்கப் பச்சை மாறாது. பிடிப்புக் கிடைத்தால் 20 முதல் 30 மீட்டர் உயரம்கூட ஏறும். இலை எப்படி இருக்கும் என்றால், நம் கோவைக்காய்க் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். விரலை விரித்தாற்போல மூன்று அல்லது ஐந்து மடல். கோவைக்காய்க்கு ஆங்கிலத்தில் ‘ஐவி கார்ட்’ என்று பெயர் வந்ததே இந்தச் சாயலால்தான். சாயல் அவ்வளவோடு சரி. கோவை இலை மெல்லியது, கசக்கினால் குழைந்துவிடும். ஐவி இலை தோல்போலத் தடித்தது. மேலே மெழுகுப் பளபளப்பும் வெளிறிய நரம்புகளும் இருக்கும். கோவைக்குப் பற்றுக்கம்பி உண்டு. ஐவிக்கு அது கிடையாது. தண்டின் ஒரு பக்கத்தில் சீப்புப் பல்போல முளைக்கும் குட்டை வேர்களால்தான் ஒட்டிக்கொள்ளும்.

பெயரில் மட்டும் ஐவியாக இருப்பவற்றை ஒதுக்கிவிடலாம். பாஸ்டன் ஐவி நம் பிரண்டையின் குடும்பம். இலையுதிர் காலத்தில் சிவந்து கொட்டிவிடும். டிசம்பரில் சுவர் மொட்டையாக இருந்தால் அது பாஸ்டன் ஐவியோ அதன் தாயாதியோதான். வட அமெரிக்காவின் பாய்சன் ஐவி மா, முந்திரி, சேங்கொட்டை குடும்பம். மூன்று மூன்று சிற்றிலையாக வரும், தொட்டால் தோல் கொப்பளிக்கும். தரையில் படரும் கிரவுண்ட் ஐவி துளசிக் குடும்பம். உண்மையான ஐவிக்கு உறவு வேண்டுமானால் ஜின்செங்கைச் சொல்லலாம். அலுவலக வாசல்களில் தொட்டியில் நிற்கும் ஷெஃப்லேராவைச் சொல்லலாம்.

பிரிட்டனின் மேற்குக் கரைப் பக்கத்திலும் அயர்லாந்திலும் இன்னொன்று வளர்கிறது: ஹெடெரா ஹைபர்னிக்கா. இலையை வைத்து இரண்டையும் பிரிப்பது நம்பிக்கையான வழி அல்ல. 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, துளிர் இலையின் அடிப்பக்கத்தையும் இளந்தண்டையும் பாருங்கள். ஹீலிக்ஸில் வெள்ளை முடிகள் நட்சத்திரம்போல நாலா பக்கமும் துருத்தி நிற்கும். ஹைபர்னிக்காவில் அவை செதில்போலப் படிந்து ஒட்டியிருக்கும். முற்றிய இலையில் முடி உதிர்ந்திருக்கும், ஆகவே துளிர்தான் பார்க்க வேண்டியது. தோட்ட வேலைக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தேவைப்படாது. தாவரக் கணக்கெடுப்புக்கு எழுதி அனுப்புகிறவர்களுக்குக் கட்டாயம் தேவை.

ஏறும் கிளை, பூக்கும் கிளை

நன்றாக வளர்ந்த ஐவி ஒன்றின் அடியில் நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். கீழே மடல் இலை. மேலே வெயில் படும் இடத்தில் அதே தண்டில் மடலே இல்லாத, அரசிலையை இன்னும் குறுக்கியதுபோன்ற இலை. முதன்முறை பார்ப்பவர்கள் இரண்டு செடி பின்னிக் கிடப்பதாகத்தான் நினைப்பார்கள். கீழே இருப்பது இளமை வடிவம், மேலே இருப்பது முதிர்ந்த வடிவம்.

இலை மட்டும் மாறுவதில்லை. ஏறும் கிளையில் இலைகள் தண்டின் இரு பக்கமும் மாறி மாறி இரண்டு வரிசையாக நிற்கும். இளந்தண்டு செம்மை கலந்திருக்கும். கணுக்களுக்கிடையே ஒட்டு வேர்கள் முளைக்கும். பூக்கும் கிளையில் இலைகள் தண்டைச் சுற்றிச் சுருளாக அமைந்திருக்கும். ஒட்டு வேர் ஒன்றுகூட இருக்காது. சுவரைப் பற்றாமல் விறைத்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்கும். இன்னும் முக்கியமான வேறுபாடு வெளிச்சத்தில் இருக்கிறது. பூக்கும் கிளை வெளிச்சத்தைத் தேடிப்போகும். ஏறும் கிளையோ இருட்டைத் தேடிப்போகும். மரத்தண்டின் நிழலை நோக்கிப் போகிறவரை அது அதற்கு நல்லதுதான். சுவரில் அதே குணம்தான் ஓட்டுக்கு அடியிலும், ஜன்னல் சட்ட இடுக்கிலும், மழைநீர்ப் பீலிக்குப் பின்னாலும் நுனியை நுழைக்கிறது. வீட்டுக்கு வரும் கேடுகளில் பெரும்பங்கு இந்த ஒரு குணத்தால் வருவதே.

இதில் விநோதம் ஒன்றுமில்லை. நம் வீட்டு மணி பிளான்ட்டும் இப்படித்தான். பாட்டிலில் இருக்கிறவரை உள்ளங்கை அளவு இலை. தென்னையில் ஏறவிட்டால் முறம் அளவுக்குக் கிழிந்த இலை. ஐவி இளமையிலிருந்து முதிர்ச்சிக்குப் போகப் பொதுவாகப் பத்தாண்டு பக்கம் ஆகும், நல்ல வெளிச்சமும் வேண்டும். காட்டுத் தரையில் நிழலில் படர்ந்து கிடக்கும் ஐவி எத்தனை காலம் ஆனாலும் பூக்காது.

ஒருமுறை முதிர்ந்த கிளை பெரும்பாலும் முதிர்ந்ததாகவே நிற்கும். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி நட்டாலும் கொடியாகாது, புதராகத்தான் வளரும். ஆனால் ஒட்ட வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடி மடல் இலையோடு ஏறும் தளிர்கள் கிளம்பும். திராட்சைக்கு அடிக்கும் ஜிபரெல்லிக் அமிலத்தை முதிர்ந்த ஐவிக்குக் கொடுத்தால் அது இளமைக்குத் திரும்புகிறது என்று 1957-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தோட்டக்காரருக்கு இதில் உள்ள பாடம்: தொந்தரவு என்று நினைத்துப் பூக்கும் பகுதியை மொட்டையடித்தால், ஏறாத கிளையை எடுத்துவிட்டு ஏறும் கிளையை வரவழைக்கிறீர்கள்.

எப்படி ஒட்டுகிறது

ஐவி மரத்தை உறிஞ்சுவதாக ஊரெல்லாம் ஒரு பழி இருக்கிறது. உறிஞ்சுவதில்லை. தண்ணீரும் சத்தும் எடுக்கும் வேர்கள் மண்ணில் இருக்கின்றன; தண்டில் இருப்பவை பிடித்துக்கொள்ள மட்டும். நேர்மாறாக, ஐவியை உறிஞ்சும் செடி ஒன்று உண்டு: ஓரோபாங்கி ஹெடெரே. பச்சையமே இல்லாத அது ஐவியின் வேரில் ஒட்டிக்கொண்டு, கோடையில் ஊதா நரம்போடிய வெளிர்மஞ்சள் பூங்கதிரைத் தரைக்கு மேல் நீட்டும். நம் புகையிலைக் காட்டில் முளைக்கும் ஒட்டுண்ணிக் களையின் உறவு.

புதிதாக ஒட்டியிருக்கும் நுனியை மெல்லப் பிரித்து லென்ஸில் பாருங்கள். ஒவ்வொரு குட்டை வேரிலும் நுண்ணிய வேர்முடிகள் இருக்கும். வேலை நான்கு கட்டமாக நடக்கிறது. முதலில் வேர் பரப்பைத் தொடுகிறது. அடுத்து அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து படிகிறது. பிறகு பசையைக் கசிய விடுகிறது. கடைசியாக வேர்முடிகள் காய்ந்து சுருளும்போது இடுக்குக்குள் கொக்கிபோல மாட்டிக்கொண்டு தண்டைச் சுவரோடு இழுத்துக் கட்டுகின்றன. அந்தப் பசையில் இருப்பவை அராபினோகேலக்டன் புரதத்தால் ஆன நுண் உருண்டைகள் என்று 2016-இல் அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். பசை நீர்போல இளகியிருப்பதால் நுண் துளைகளுக்குள்ளும் ஊறிவிட்டு அங்கேயே இறுகுகிறது.

உயிருள்ள ஐவியைப் பிடித்து இழுத்தால் வண்ணப்பூச்சும் சேர்ந்து உரிந்து வருவதற்குக் காரணம் இதுதான். வேர் பிய்ந்தாலும் பசை பிய்வதில்லை.

சுவரில் விடலாமா

முதலில் சுவரைச் சோதியுங்கள். ஒரு வீட்டுச் சாவியை எடுத்துச் செங்கற்களுக்கிடையே உள்ள காரையில் அழுத்தி இழுங்கள். கோடு மட்டும் விழுந்தால் காரை நன்றாக இருக்கிறது. பொடியாக உதிர்ந்தாலோ சாவி உள்ளே இறங்கினாலோ அங்கே ஐவி வேண்டாம். பிரிட்டனில் 1919-க்கு முந்தைய வீடுகளில் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான்; அது காலப்போக்கில் இளகும். அதன்மேல் பிற்காலத்தில் சிமென்ட் வைத்துப் பூசியிருந்தால், இரண்டுக்கும் நடுவே விடும் வெடிப்பு ஏறும் தண்டுக்கு வாசல்.

ஒட்டு வேர் திடமான சுவரைத் துளைப்பதில்லை. ஏற்கெனவே உள்ள வெடிப்பில் ஈரமும் மண்ணும் இருந்தால்தான், அங்கே நுழைந்த வேர் நிஜ வேராக மாறித் தடிக்கும். தடித்தால் கல்லையும் பெயர்க்கும். ஆகவே ஐவி நல்ல சுவரைக் கெடுப்பதைவிடக் கெட்ட சுவரை இன்னும் கெடுப்பதுதான் அதிகம்.

நல்ல சுவரில் அதனால் ஆதாயமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹெதர் வைல்ஸ் குழு, இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்புக்காகப் பழைய சுவர்களில் ஐவி உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் அளந்து பார்த்தது. 2010-ஐ ஒட்டி வெளிவந்த முடிவு: ஐவி மூடிய சுவர் பகலில் குறைவாகச் சூடேறுகிறது, இரவில் குறைவாகக் குளிர்கிறது, சாலைத் தூசியும் குறைவாகவே படிகிறது. உறைபனிக்கும் வெயிலுக்கும் மாறி மாறி ஆட்பட்டே கல் வெடிக்கும் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. ‘ஐவி இருந்தால் சுவரில் ஓதம் ஏறும்’ என்பதும் பொதுவாகத் தவறு. இலைகள் ஓடு வேய்ந்ததுபோல மழையைத் தள்ளிவிடும். ஓதம் வந்தால் மேலே பீலியைப் பாருங்கள். உதிர்ந்த ஐவி இலை அடைத்துத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்.

விடுவது என்று முடிவு செய்தால் ஒரே விதி: பீலிக்கும் கூரை ஓரத்துக்கும் ஒரு முழம் கீழேயே நிறுத்துங்கள். ஜன்னல், கதவு, காற்றுத் துவாரம், மின்கம்பி ஆகியவற்றைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி. இந்த எல்லைக்கோட்டை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் ஏறும் தளிர் ஒரே பருவத்தில் ஒரு மீட்டர் வரை ஓடிவிடும். ஒரு வருடம் மறந்தால் அடுத்த வருடம் ஏணி போட வேண்டியிருக்கும்.

வெட்டும் காலம்தான் சிக்கலான இடம். பிப்ரவரி கடைசி சரியான நேரம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ராபின், ரென், ப்ளாக்பேர்ட் எல்லாம் ஐவிக்குள் கூடு கட்டும். பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பறவை பயன்படுத்தும் கூட்டைக் கலைப்பது குற்றம். தடித்த பழைய ஐவியில் வௌவால் தங்கலாம். அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. சரி, கோடை முடியட்டும் என்று ஜூலை, ஆகஸ்டில் பூக்கும் கிளையை வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போயிற்று. மொட்டு அந்த ஆண்டுத் தளிர் நுனியில்தான் வரும். பிப்ரவரியில் வெட்டினாலோ பழம் கொஞ்சம் வீணாகும். இந்த மூன்றில் குறைந்த நஷ்டம் பிப்ரவரிதான். சுவரின் பாதியை இந்த ஆண்டும் மறுபாதியை அடுத்த ஆண்டும் வெட்டினால் பறவைக்கும் மிச்சம் இருக்கும். ஏறும் நுனிகளை மட்டும் கூடு ஏதும் இல்லையென்று பார்த்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் கிள்ளலாம்.

எடுப்பதாக இருந்தால்

தேவை: கவாத்துக் கத்தரி, கைரம்பம், நைலான் முள் பிரஷ், தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூசிக் கவசம். இலையடி முடிகள் உதிர்ந்து பறக்கும். இருமலும் கண் அரிப்பும் வரும்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒவ்வொரு தண்டையும் வெட்டுங்கள். ஒரு வெட்டோடு நிறுத்தாமல் மேலே இன்னொரு வெட்டுப் போட்டு 30 செ.மீ. துண்டையே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்தத் தண்டு விடுபட்டது என்று கண்ணுக்குத் தெரியாது. பிறகு விட்டுவிடுங்கள். சில வாரத்தில் இலை பழுப்பாகும், சில மாதத்தில் காயும். காய்ந்தபின் மேலிருந்து கீழாகக் கையால் சிறிது சிறிதாகப் பிரியுங்கள். காரைக்குள் நுழைந்த தண்டை ஒருபோதும் பிடுங்காதீர்கள், கல்லோடு வரும். சுவரோடு ஒட்டி ரம்பத்தால் அறுத்துவிட்டு அந்த இடத்தை அடையாளமிட்டுக் காரை பூசுங்கள். சுவரில் பதிந்திருக்கும் சீப்புப் பல் தடங்களை ஈரப்படுத்தி நைலான் பிரஷால் தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் மென்மையான செங்கல்லில் கீறல் போடும். பிரஷர் வாஷர் பழைய சுண்ணாம்புக் காரையையே கழுவிக்கொண்டு போய்விடும். தடம் முழுதாகப் போகாது. பூசிய சுவர் என்றால் மறுபடி வண்ணம் அடிக்கத் தயாராக இருங்கள்.

அடியில் வெட்டி ஒரு பருவம் கடந்தும் மேலே ஒரு பகுதி மட்டும் பச்சையாக நின்றால், அதற்குச் சுவருக்குள்ளேயே வேர் இருக்கிறது என்று பொருள். பழைய சுவர்களின் உச்சியில் இது சாதாரணம். அங்கே இழுத்தால் சுவர் தலை சரியும். கல்லைப் பிரித்து வேரை எடுத்துக் கட்டத் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுவதே மலிவு.

மண்ணில் உள்ள அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதுதான் உறுதி. களைக்கொல்லி தெளித்தால் இலையின் மெழுகில் உருண்டு ஓடிவிடும். தெளித்துவிட்டு ‘மருந்து போலி’ என்று திட்டுவதில் பயனில்லை. கிளைஃபோசேட் போடுவதானால், லேபிளில் உள்ள அளவுப்படி, அப்போதுதான் வெட்டிய கட்டையின் முகத்தில் பூச வேண்டும்.

வெட்டிய கொடியைப் பச்சையாக மண்மேல் குவிக்காதீர்கள். கணு மண்ணைத் தொட்டால் போதும், வேர் விட்டுவிடும். சிமென்ட் தரையில் விரித்து நன்றாகக் காயவிட்டபின் உரக்குழியில் போடலாம்.

மரத்தில் ஏறியிருந்தால்

பெரும்பாலும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆரோக்கியமான மரத்தின் உச்சிக் கிளைகளில் இலை அடர்ந்திருக்கும்; அந்த நிழலில் ஐவி தண்டோடும் உள்கிளையோடும் நின்றுவிடும். உச்சிவரை ஐவி போர்த்தியிருந்தால் மரம் ஏற்கெனவே மெலிந்துவிட்டது என்று அர்த்தம். பிரிட்டனில் 2012-இல் உறுதி செய்யப்பட்ட ஆஷ் மர நோய்க்குப் பிறகு இதை அடிக்கடி பார்க்கலாம்: மரம் இலையை இழக்கிறது, வெளிச்சம் உள்ளே விழுகிறது, ஐவி தழைக்கிறது. கொன்றது ஐவி என்று பேர். உண்மையான இடர் வேறு: குளிர்காலத்தில் மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும்போது ஐவி போர்த்திய மரம் பாய் விரித்த படகுபோலப் புயல்காற்றை வாங்கும். சாலையோரத்து நலிந்த மரம் என்றால் கவனம் வேண்டும். அடித்தண்டிலுள்ள பொந்து, காளான் ஆகியவற்றையும் ஐவி மறைத்துவிடும். மரத்தைப் பார்வையிட வருபவர் ஒரு பக்கத்தையாவது விலக்கிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

குறைக்க வேண்டுமானால் இடுப்பு உயரத்தில் சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு ஐவித் தண்டுகளை வெட்டி எடுங்கள். ரம்பம் மரப்பட்டையைத் தொடக்கூடாது. கடைசி விரற்கடையை உளியால் நெம்பி எடுப்பது நல்லது. மேலே உள்ளதை அப்படியே காயவிடுங்கள், இழுக்காதீர்கள்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வசிப்பவர்களுக்கு இந்தப் பொறுமையான ஆலோசனை பொருந்தாது. அங்கே ஐவி வந்தேறி. காட்டுத் தரையை மூடி நாட்டுச் செடிகளை எழவிடுவதில்லை. அங்குள்ளதில் பெரும்பகுதி ஹைபர்னிக்காதான் என்று மரபணுச் சோதனை காட்டியது. ஓரிகன் மாநிலத்தில் ஐவி களைப் பட்டியலில் இருக்கிறது. அங்கே மரத்தைச் சுற்றிய வெட்டோடு நிற்காமல், அடியைச் சுற்றி இரண்டு மீட்டர் ஆரத்துக்குத் தரைக்கொடியையும் வேரோடு எடுத்துவிடுகிறார்கள்.

பூக்கும் பகுதியில் என்ன பார்ப்பது

கொடியை வெட்டும் முன் ஒரு வருடம் அதைப் பார்த்துவிடுங்கள் என்பதே நாங்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது. நல்ல நாள் செப்டம்பர் கடைசியில், வெயில் அடிக்கும் மதியம். கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரியும். தித்திப்பும் சற்றே புளிப்பும் கலந்த கனமான வாசம். காதுக்கும் தெரியும்; கொடி முழுக்க ஒரே ரீங்காரம்.

ஒரு பூங்கொத்தை அருகில் வைத்துப் பாருங்கள். குடைக்கம்பிபோல ஒரே புள்ளியிலிருந்து காம்புகள் கிளம்பி, நுனியில் மஞ்சள்பச்சைப் பூக்கள் சேர்ந்து, மூன்று முதல் ஐந்து செ.மீ. உருண்டையாக நிற்கும். ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ், ஐந்து மகரந்தத் தாள். நடுவில் பச்சை மேடை ஒன்று ஈரமாக மின்னும். அந்த மின்னலே தேன். குழல் இல்லை, மூடி இல்லை. நாக்கு நீளமில்லாத ஈயும் குளவியும்கூட நக்கிக் குடிக்கலாம். அதனால்தான் தேனீ, ட்ரோன் ஈ, குளவி, ரெட் அட்மிரல் வண்ணத்துப்பூச்சி எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். வேறு பூ அநேகமாக இல்லாத காலம் அது. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இலையுதிர் காலத்தில் தேனீக்கள் கூட்டுக்குக் கொண்டுவந்த மகரந்த உருண்டைகளில் சராசரியாக 89 சதவீதம் ஐவியுடையது. அதன் தேனில் சர்க்கரைச் செறிவு 49 சதவீதம்.

தேனீ வளர்ப்பவர்களுக்கு இது வரமும் தொல்லையும். ஐவித் தேனில் குளுக்கோஸ் அதிகம். அடையிலேயே கல்போல உறைந்துவிடும், சுழற்றி எடுக்க வராது. உங்களுக்கான தேனை ஐவி பூக்கும் முன் எடுத்துவிட்டு, ஐவித் தேனைக் குளிர்காலத்துக்குத் தேனீக்கே விட்டுவிடுங்கள். உறைந்த தேனைக் கரைத்துத் தின்ன அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். கூட்டுக்கு அருகே காற்றுப்படாத வெயிலில் ஒரு தட்டில் பாசியை நனைத்து வையுங்கள்.

கூட்டத்தில் மார்பில் செம்பழுப்பு ரோமமும் வயிற்றில் தெளிவான இளமஞ்சள் பட்டைகளும் கொண்ட தேனீ தெரிந்தால், அது ஐவித் தேனீ, கொலெட்டஸ் ஹெடெரே. தனி இனம் என்று 1993-இல்தான் விவரிக்கப்பட்டது. பிரிட்டனில் முதலில் தென்பட்டது 2001-இல், டோர்செட்டின் லாங்டன் மாட்ராவர்ஸில். இப்போது வடக்கே வெகுதூரம் பரவிவிட்டது. ஐவி பூப்பதற்கு ஏற்பவே செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் வெளியே வரும். மணல் கலந்த சரிவில் நூற்றுக்கணக்கில் வளை தோண்டும். குளவிக்கூடு என்று பயந்து மருந்தடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு வளையும் ஒவ்வொரு பெண்ணுடைய தனி வீடு, சீண்டாமல் கொட்டாது.

ஆகஸ்ட் மொட்டுகளில் நுண்ணிய வட்டத் துளை இருந்தால் அது ஹாலி ப்ளூ வண்ணத்துப்பூச்சியின் புழு தின்ற தடம். இளவேனில் தலைமுறை ஹாலி மர மொட்டிலும், கோடைத் தலைமுறை ஐவி மொட்டிலும் வளரும். புழு மொட்டின் நிறமே என்பதால் துளையைத் தேடுவதுதான் எளிது. குளிர்காலத்தில் பிரிம்ஸ்டோன் வண்ணத்துப்பூச்சி ஐவி இலைக்கு அடியில் இலையாகவே தொங்கி உறங்கும்.

பழம் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் கறுக்கும். மிளகைவிடச் சற்றுப் பெரிது, ஆறு முதல் எட்டு மி.மீ. மற்றப் பழங்கள் தீர்ந்தபின் இது வருவதால் ப்ளாக்பேர்டும் மரப்புறாவும் ஏப்ரல் வரை இதையே நம்பியிருக்கும். சதையை நீக்கிய விதைதான் நன்றாக முளைக்கும். அந்த வேலையைப் பறவையின் வயிறு செய்து கொடுக்கிறது. பறவை உட்காரும் வேலிக்கு அடியில் ஐவி நாற்று வரிசையாக முளைப்பதன் ரகசியம் அதுவே.

ஐவி கடுங்குளிர் தாங்காது என்பதும் ஒரு பயனுள்ள செய்தி. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி மைனஸ் 1.5 அல்லது மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில் அது தழைப்பதில்லை என்று டென்மார்க்கின் யொஹானஸ் ஐவர்சன் 1944-இல் எழுதினார். அதிலிருந்து, ஏரிச் சேற்றில் கிடைக்கும் ஐவி மகரந்தத்தை வைத்துப் பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய குளிர்காலத்தையே கணிக்க வழி பிறந்தது.

தோலும் வயிறும்

சாற்றில் உள்ள ‘ஃபால்கரினால்’ என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் தரும். முதல் நாள் ஒன்றும் ஆகாமல் மறுநாள் சிவக்கலாம். வெட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சட்டையைத் தனியாகத் துவையுங்கள். பழத்திலும் இலையிலும் சப்போனின்கள் என்ற நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சின்னக் குழந்தை கறுப்புப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டால் கசப்பில் பெரும்பாலும் துப்பிவிடும். விழுங்கியிருந்தால் மருத்துவ உதவியைக் கேளுங்கள்.

ஐவி இலைச் சாறு சேர்ந்த இருமல் சிரப் இந்திய மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. ‘அப்படியானால் வேலியில் உள்ளதைப் பறித்து ஆடாதோடைபோலக் கஷாயம் வைத்தால் என்ன’ என்று நம் வீடுகளில் கேள்வி எழும். வைக்கக்கூடாது. சிரப்பில் இருப்பது அளவு கட்டுப்படுத்திய உலர்சாறு. அடுப்பில் அந்த அளவு வராது.

புதிதாக வளர்க்க

ஏறும் கிளை வேர் விடுவது சுலபம். மூன்று நான்கு கணு உள்ள, 10 முதல் 12 செ.மீ. நீளத் துண்டை வெட்டி, கீழ்க்கணு இலைகளைக் கிள்ளி, ஈர மண்ணிலோ தண்ணீரிலோ வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வேர் தெரியும். வீட்டுக்குள் வைத்தால் ஹீட்டரின் வறண்ட காற்றில் செஞ்சிலந்தி வரும்: இலை மேலே மங்கலான புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை. வாரம் ஒருமுறை குளிர்ந்த நீரில் இலையடியைக் கழுவி, குளிர்ச்சியான அறைக்கு மாற்றினால் அடங்கும். சென்னை, மதுரை வெயிலில் ஐவி தேறுவதில்லை. அங்கே சுவர் பச்சையாக வேண்டுமென்றால் க்ரீப்பிங் ஃபிக் வையுங்கள். அதற்கும் இதே இரட்டை வடிவம் உண்டு: ஒட்டி ஏறும்போது நகத்தளவு இலை, முதிர்ந்து நீட்டும்போது தடித்த பெரிய இலையும் அத்திக்காயும்.

தேனீக்காக மட்டும் ஐவி வேண்டும், சுவரில் ஏற வேண்டாம் என்பவர்களுக்குப் பூக்கும் கிளையிலிருந்து துண்டு எடுப்பதே வழி. ஆகஸ்டில் பாதி முற்றிய நுனி, 10 செ.மீ.; பூமொட்டைக் கிள்ளிவிடுங்கள், வேர் ஹார்மோன் பொடியில் தொட்டு, மணலும் உரமண்ணும் சமமாகக் கலந்த சட்டியில் நட்டு, பாலிதீன் பையால் மூடி நிழலில் வையுங்கள். ஏறும் கிளைபோல உடனே வேர் விடாது. இரண்டு மூன்று மாதம் ஆகும், பல துண்டுகள் அழுகும். ஆகவே தேவைக்கு மூன்று மடங்கு நடுங்கள். பிழைத்தது இடுப்பளவுப் புதராக நிற்கும், ஒட்டு வேர் விடாது, சுவரோரத் தொட்டியிலும் வைக்கலாம். அடியிலிருந்து எப்போதாவது மடல் இலையோடு ஒரு செந்தண்டு எட்டிப் பார்த்தால், அன்றைக்கே தண்டோடு ஒட்டக் கிள்ளிவிடுங்கள்.